தலையாட்டுவது சம்மதமல்ல

கவாசுமி மலர்ப் பூங்காவின் விளக்குகள் தலையாட்ட ஆரம்பித்தது, அருப்புக்கோட்டை முத்திருளப்பன் தன் மகளோடு பேசமாட்டேன் என்று செய்த சத்தியத்தைக் காப்பாற்றுவதற்காக அவற்றோடு பேசிய அன்றுதான் என்பதில் எங்கள் ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. எங்கள் ஊர் என்றால் ஜப்பானில், மலைக்கும் நெல்வயலுக்கும் நடுவே, மணிக்கு ஒரு ரயில் வந்து நின்று, ஏற யாரும் இல்லையென்று தெரிந்தும் ஒரு நிமிஷம் மரியாதைக்குக் காத்திருந்துவிட்டுப் போகிற ஊர். அங்கே ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையை நம்பி நாங்கள் பதினொரு தமிழ்க் குடும்பங்கள் இருக்கிறோம். பதினொரு குடும்பத்துக்கு இரண்டு தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

பூங்காவில் மே மாதம் பந்தல் பந்தலாக ஊதாப்பூ தொங்கும். நம்மூர்க் கொன்றைச் சரத்தை ஊதாச் சாயத்தில் முக்கி எடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி. பனிக்காலத்தில் அந்தக் கொடிகளில் இலைகூட இருக்காது, வெறும் குச்சிதான். பூ இல்லாத பந்தலைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள் என்பதால், பூங்கா ஆட்கள் கோடை முடிவதற்கு முன்பே ஏணி போட்டு ஏறி, இதழ் மாதிரி உறை மாட்டிய சின்னச் சின்ன ஊதா பல்புகளை ஒவ்வொரு கொடியிலும் சரம் சரமாகக் கையாலேயே கட்டித் தொங்கவிட்டு, அக்டோபரிலிருந்து பாதி பிப்ரவரி வரைக்கும், இருட்டுக் கட்டியதும் ஒரே ஒரு சுவிட்சைத் தட்ட, ஐந்து லட்சம் பூ ஒரே நொடியில் பூக்கும். அப்படி ஏணியில் ஏறிச் சரம் கட்டுகிறவர்களில் ஒருவன் தகுமா. தகுமாவின் மனைவி பாண்டீஸ்வரி. பாண்டீஸ்வரியின் அப்பாதான் முத்திருளப்பன்.

அவர் முப்பத்துநாலு வருஷம் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். கரண்ட் போனால் ஊரே அவர் பெயரைச் சொல்லித் திட்டும், கரண்ட் வந்தால் ஒருவரும் அவரை நினைக்கமாட்டார்கள். அதையெல்லாம் அவர் சம்பளத்தோடு சேர்த்து வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தார். மகள் படிக்கப் போன இடத்தில் ஒரு ஜப்பான்காரப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக போனில் சொன்னபோது மனுஷர் ஒரு கம்பத்தின் உச்சியில் இருந்தார். "லைன் சரியில்ல, அப்புறம் பேசு" என்று வைத்துவிட்டார். லைனைப் பற்றி அவர் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய் அதுதான். அந்த 'அப்புறம்' வரவேயில்லை.

மூன்று வருஷம் கழித்து, விமானங்களெல்லாம் தரையில் நின்றிருந்த காலத்தில், அவர் மனைவி ராசமணி நாலே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். பாண்டீஸ்வரி அம்மாவின் காரியத்தைக் கைபேசியில் பார்த்தாள், அதுவும் நடுவில் இரண்டு தடவை உறைந்து நின்றது. சுடுகாட்டில் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால், இனி அவளோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று முத்திருளப்பன் சத்தியம் செய்தார். கடைசி நேரத்தில் ராசமணிக்குப் பக்கத்தில் இருந்தது அவர் ஒருவர்தான். அம்மா கடைசியாக என்ன சொன்னாள், தன் மேல் கோபமாகப் போனாளா இல்லையா என்று தெரிந்துகொள்ள பாண்டீஸ்வரிக்கு இந்த உலகத்தில் வேறு ஆள் கிடையாது. அவளுக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான். மூன்று வருஷமாக அதைச் சொல்லக்கூடிய ஒரே வாய் மூடிக் கிடந்தது.

ஓய்வு பெற்ற கையோடு மகள் டிக்கெட் அனுப்பினாள். அனுப்பியதை வீணாக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டு ஜனவரி நடுவில், சட்டைப் பையில் டெஸ்டரோடு, முத்திருளப்பன் வந்து இறங்கினார். விமான நிலையத்தில் அந்த டெஸ்டருக்காக அரை மணி நேரம் நிற்க வைத்தார்களாம், விட்டுக்கொடுக்கவில்லை. சத்தியத்தையும் அதே மாதிரி விடாமல் கொண்டுவந்திருந்தார். மகள் வீட்டில் சுவரைப் பார்த்துப் பேசினார், ஜன்னலைப் பார்த்துப் பேசினார். "சாம்பார்ல உப்புக் கம்மின்னு யாராவது சொன்னாத் தேவல" என்று ரைஸ் குக்கரிடம் சொல்வார். அந்த ஊர்க் குக்கர் வேலை முடிந்தால் ஒரு பாட்டுப் பாடும்; அதைத் தவிர அவருக்கு அந்த வீட்டில் பதில் சொன்ன ஜீவன் இல்லை. அடுத்த வீட்டுக்காரி என்ற முறையில் நான் போனால் அப்பனுக்கும் மகளுக்கும் நான் தபால்காரி. ஒரே சோபாவில் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்க, "ஏம்மா, தண்ணி வேணும்னு அவகிட்டச் சொல்லு" என்பார் ஒருவர், "அக்கா, வெந்நீரா பச்சைத் தண்ணியான்னு கேளுங்க" என்பாள் இன்னொருத்தி. மூன்றே நாளில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அதனால்தான் நாலாம் நாள் இரண்டு பேரையும் என் காரில் ஏற்றிப் பூங்காவுக்குக் கொண்டுபோனேன். ஐந்து லட்சம் விளக்கைப் பார்த்தாலாவது வாயடைத்துப் போவார்கள் என்று நினைத்தேன்.

ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. தகுமா சுவிட்சைப் போட, கூட்டம் 'ஓ' என்றது. முத்திருளப்பன் 'ஓ' என்று சொல்லவில்லை. "லோடு எவ்வளவு வரும்?" என்றார். பிறகு கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு, மகளுக்கு முதுகைக் காட்டி, மூக்குக்கு நேரே தொங்கிய ஒரு சரத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"வீட்டுக்குப் பின்னால இருந்த முருங்க போன மழைக்குச் சாஞ்சு போச்சுன்னு சிலபேருக்குத் தெரியுமோ தெரியாதோ."

சரம் தலையாட்டியது.

காற்று இல்லை. அந்தச் சரம் மட்டும், நுனியிலிருந்து மேலே வரை, ஒரு தடவை மங்கிப் பிரகாசித்து, தலை குனிந்து நிமிர்ந்தது. ஜப்பானில் யாராவது பேசினால் எதிரில் இருக்கிறவர் சும்மா நிற்கமாட்டார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு தலையாட்டு, ஒரு 'உம்' கொடுத்துக்கொண்டே இருப்பார், கொடுக்காவிட்டால் மரியாதையில்லை. அந்த ஊரில் தொங்குகிற விளக்கு வேறெப்படி இருக்கும்?

"லூஸ் கனெக்ஷன்" என்றார் முத்திருளப்பன், டெஸ்டரை உருவிக்கொண்டு.

தகுமா ஓடிவந்தான். அவனுக்குத் தமிழில் 'நல்லா இருக்கு', 'காரம்', 'போதும்' மூன்றும்தான் தெரியும். அவரைப் பார்த்தான், டெஸ்டரைப் பார்த்தான், போய் ஏணியைக் கொண்டுவந்து போட்டான். மாமனார் மேலே ஏறினார், மருமகன் கீழே பிடித்துக்கொண்டான். இருபது நிமிஷம் ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கி, "கட்டு நல்லாத்தான் கட்டியிருக்கான்" என்று ஏணியிடம் சொன்னார். பந்தல் முழுக்கத் தலையாட்டியது.

விளக்குகளுக்குத் தமிழ் எப்படிப் புரிந்தது என்று கேட்கிறவர்கள் உண்டு. தலையாட்டுவதற்குப் புரியவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எங்கள் தொழிற்சாலைக் கூட்டங்களில் நாங்கள் எட்டு வருஷமாக அப்படித்தான் தலையாட்டிக்கொண்டிருக்கிறோம்.

முருங்கை மரத்துக்குப் பிறகு அவர் கூரை ஓடு சரிந்ததைப் பற்றிச் சொன்னார், தெருமுனை டீக்கடைக்காரர் காசிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்ததும் டீ மோசமாகிவிட்டதைச் சொன்னார், பேசப் பேசக் குரல் உருகிக்கொண்டே வந்தது, பாண்டீஸ்வரி ஒவ்வொன்றையும் விழுங்கிக்கொண்டு பின்னால் நின்றாள். கடைசியில் அவளும் அடுத்த சரத்தின் முன்னால் போய் நின்றாள்.

"எங்கம்மா கடைசியா என்ன சொன்னாங்கன்னு யாராவது சொன்னா நல்லாருக்கும்" என்றாள்.

அவள் முன்னாலிருந்த சரம் மெல்லத் தலையாட்டியது. முத்திருளப்பன் கழுத்துத் துண்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

"குளிருது" என்றார். காரைப் பார்த்து நடந்துவிட்டார்.

மறுநாள் பூங்கா மேலாளர் ஒகுரா, கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, ஒரு பெட்டி இனிப்போடு பாண்டீஸ்வரியின் வீட்டுக்கு வந்து, முன்பின் அறிமுகமில்லாத பெரியவரின் சொந்த விஷயத்தில் தங்கள் விளக்குகள் அனுமதியில்லாமல் கலந்துகொண்டதற்காக இடுப்பு வரை குனிந்து மன்னிப்புக் கேட்டார். பெரியவரும் பதிலுக்குக் குனிந்தார். அவர் நிமிர்ந்ததும் இவர் குனிய, இவர் நிமிர்ந்ததும் அவர் குனிய, இது முடிவதற்குள் நான் காபி போட்டு முடித்துவிட்டேன்.

செய்தி பரவ ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு பதினாலு வருஷமாகத் துண்டுச்சீட்டில் எழுதியே குடித்தனம் நடத்திய அரிசி முறுக்குக் கடைத் தம்பதி வந்தார்கள். கணவர் இடது பந்தலிடமும் மனைவி வலது பந்தலிடமும் பேசிவிட்டு, ஒரே குடையில் திரும்பிப் போனார்கள். வேலி தாண்டிய பெர்சிமன் மரக் கிளைக்காக முகம் திருப்பிக்கொண்ட அண்டை வீட்டுக்காரர்கள் வந்தார்கள். தலைமை ஆசிரியர் ஒருவர் வந்து, தன் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களிடம் சொல்லவேண்டிய எல்லாவற்றையும் ஒரு சரத்திடம் சொல்லிவிட்டு, கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போனார். நகராட்சியில் கூட்டம் போட்டார்கள். விளக்குகள் தலையாட்டுவதை வாடிக்கையாளர் சேவையில் சேர்ப்பதா இயற்கைக் காட்சியில் சேர்ப்பதா என்று இரண்டரை மணி நேரம் பேசி, இரண்டிலும் சேர்க்காமல் ஒத்திவைத்தார்கள். ஏன் தலையாட்டுகின்றன என்று ஒருவரும் கேட்கவில்லை; கேட்பது விளக்குகளுக்குச் சங்கடமாக இருக்கும் அல்லவா?

சிக்கல் வேறு விதத்தில் வந்தது. ஒரு பையன் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று பந்தலிடம் கேட்டு, பந்தல் தலையாட்டியதை அவள் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு நுழைவாயிலில் ஒரு பலகை வைத்தார்கள். ஒருவருக்குப் பத்து நிமிஷம். வரிசையில் நிற்பவர்கள் அடுத்தவர் பேச்சைக் கேட்கவேண்டாம். கடைசியாக, சிவப்பு எழுத்தில்: 'விளக்குகள் தலையாட்டுவது சம்மதமல்ல. கேட்டுக்கொண்டிருக்கின்றன என்று மட்டுமே பொருள்.' எங்கள் வசதிக்காக ஒகுரா அதைத் தமிழிலும் எழுதச் சொன்னார். எந்தச் சங்கம் எழுதுவது என்று சண்டை வந்தது.

சங்கம் இரண்டானது, வெல்லம் கிடைக்காத ஊரில் ஒகினாவாக் கறுப்புச் சர்க்கரையைப் போட்டுப் பொங்கல் வைத்தால் அது பொங்கலா இல்லையா என்ற கேள்வியில். இரண்டு தலைவர்களும் ஆளுக்கொரு வேனில் வந்து, முதுகோடு முதுகாக நின்று, வெல்லத்தின் பக்கத்து நியாயத்தையும் சர்க்கரையின் பக்கத்து நியாயத்தையும் பந்தலிடம் எடுத்துச் சொன்னார்கள். விளக்குகள் இருவருக்கும் ஒரே மாதிரித் தலையாட்டின. இரண்டு தரப்பும் தாங்கள் ஜெயித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரும்பின, தமிழ்ப் பலகையில் ஆளுக்கு ஒரு வரி எழுதின.

இத்தனை கூட்டத்துக்கும் காரணமான முத்திருளப்பனுக்கு மட்டும் வரிசை கிடையாது. முதல் பந்தலின் முதல் சரம் தினமும் ஐந்திலிருந்து ஆறு வரை அவருக்கு. பகலில் அவரும் தகுமாவும் ஏணியும் கம்பியுமாகப் பூங்காவில் சுற்றினார்கள், சாயங்காலம் அவரும் மகளும் விளக்குகளிடம் பேசினார்கள். ஊரில் யார் செத்தது, யார் வீடு கட்டியது, தென்னைக்கு என்ன நோய் என்று எல்லாம் வந்தது. மகளும் சொன்னாள். இங்கே வந்த முதல் பனிக்காலத்தில் அழுத அழுகையைச் சொன்னாள், தகுமாவின் அம்மா ரசம் வைக்கக் கற்றுக்கொண்டதைச் சொன்னாள். விளக்குகளுக்குக் கழுத்து வலித்திருக்கும். ஆனால் ஒவ்வொரு நாளும் கிளம்பும்போது அவள் அந்த ஒன்றைக் கேட்பாள், அவர் குளிருது என்பார். எனக்கு அவர் மேல் கோபமாக வந்தது. பேசமாட்டேன் என்றது சத்தியம், சரி. அம்மாவின் வார்த்தையைப் பெற்ற பிள்ளைக்குக் கொடுக்காமல் வைத்திருப்பதற்கு என்ன பெயர்? ஒருநாள் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன். "உனக்குத் தெரியாதும்மா" என்றார். அவ்வளவு நாள் பழகியும் அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

பிப்ரவரி பதினாலு வந்தது. பூங்காவின் பனிக்காலம் அன்றோடு முடிகிறது. மறுநாள் காலையிலிருந்து சரங்களைக் கழற்றிப் பெட்டியில் அடுக்குவார்கள், மறுநாள் மத்தியானம் முத்திருளப்பனுக்கு விமானம். ஊரே பூங்காவில் இருந்தது, நாங்கள் பதினொரு குடும்பமும் இருந்தோம். அவர் அன்று முருங்கையிலிருந்து ஆரம்பிக்கவில்லை, எதிலிருந்தும் ஆரம்பிக்கவில்லை. பாண்டீஸ்வரிதான் சரத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"நாளைக்குப் போனா இனி எப்பவோ. எங்கம்மா என் மேல கோவமாப் போனாங்களான்னு மட்டும் யாராவது சொல்லிருங்க. ஆமான்னாலும் பரவால்ல."

சரம் தலையாட்டவில்லை.

ஐந்து லட்சம் பூவும், முதல் பந்தலிலிருந்து குளக்கரைப் பந்தல் வரைக்கும், ஒன்றன்பின் ஒன்றாக அடக்கமாகக் குனிந்து வணங்கி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டன. வீட்டுக்காரர்களுக்குள் பேச ஏதோ இருக்கிறது என்று தெரிந்ததும் விருந்தாளிகள் வாசலுக்கு எழுந்து போவார்களே, அப்படி. விளக்குகள் திரும்பியதைப் பார்த்து வரிசையில் நின்ற ஜப்பான்காரர்களும், குழந்தைகள் உட்பட, திரும்பி நின்றுகொண்டார்கள். நாங்கள் பதினொரு குடும்பம் மட்டும் திரும்பவில்லை. வெல்லமும் சர்க்கரையும் தோளோடு தோள் உரசிக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

முத்திருளப்பன் டெஸ்டரால் சரத்தை லேசாகத் தட்டினார். அது திரும்பவில்லை. பேசுவதற்கு அவருக்கு எதிரே இனி ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள்.

"உங்கம்மாவுக்கு உன் மேல ஒரு கோவமும் இல்ல தாயி" என்றார்.

பாண்டீஸ்வரி சரத்தை விட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கி விளக்கு வைக்கிற நேரம். வாசல் லைட்டு எரிஞ்சுகிட்டு இருந்துச்சு. அதை அணச்சிராதீங்க, பாண்டி வந்தா படி தெரியாதுன்னா. பிளேனே ஓடல, உனக்குத்தான் தெரியும்ல, எப்படி வருவ? அவளுக்கு அதெல்லாம் தெரியல. பாண்டி வருவா, பாண்டி வருவான்னு சொல்லிக்கிட்டே இருந்தா. எனக்கு எங்கிட்டிருந்து அம்புட்டுக் கோவம் வந்துச்சோ. அவ வரமாட்டா, இது அவ வீடே இல்லன்னு சொல்லிட்டு, எந்திரிச்சுப் போயி லைட்ட அணச்சிட்டேன்." வலது கையை நீட்டிக் காட்டினார், ஏதோ அதில் எழுதியிருக்கிற மாதிரி. "இந்தக் கைதான். அவ இருட்டா இருந்த வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தா. அதுக்கப்புறம் ஒண்ணும் பேசல. விடியுறப்ப இல்ல."

சத்தியம் செய்தது மகள் மேலிருந்த கோபத்தில் என்று உறவெல்லாம் நம்பியது, நானும் நம்பினேன். மனுஷர் மகளிடம் பேச வாயைத் திறந்தால் இதைச் சொல்லவேண்டிவருமே என்று பயந்துதான் மூன்று வருஷம் வாயைப் பூட்டி வைத்திருந்தார்.

"விடிஞ்சதும் போட்டேன்" என்றார். "இன்னும் அணைக்கல. பகல்லயும் எரியுது. பதினாலு பல்பு மாத்திட்டேன். கெளம்பறப்ப ஒரு பல்ப பக்கத்து வீட்ல குடுத்து, ஃபியூஸ் போனா உடனே மாத்திருங்கன்னு சொல்லிட்டுத்தான் வந்துருக்கேன். அணைக்கப் போனா கை வரமாட்டேங்குது தாயி. நீ வந்து அணச்சிரு."

பாண்டீஸ்வரி அவர் கையைப் பார்த்தாள்.

"குண்டு பல்பாப்பா?" என்றாள்.

"அறுபது வாட்ஸ்."

"ஈ.பி.ல வேல பாத்துட்டுப் பட்டப்பகல்ல குண்டு பல்ப எரிய விடுறீங்களேப்பா" என்று சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. அந்தக் கையைப் பிடித்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள், ஏனென்றால் நிஜமாகவே குளிர்ந்தது. நாங்களும் அழுதோம், கேட்டவர்களுக்கு அழுகிற கடமையும் உண்டு. அதற்குப் பிறகுதான் விளக்குகள் மெல்லத் திரும்பின. பூட்டும் நேரம் வந்து தகுமா சுவிட்சின் மேல் கையை வைத்தபோது, "மாப்ள, அஞ்சு நிமிஷம்" என்ற குரல் கேட்டது. அந்த வார்த்தைகள் அவனுக்குத் தெரிந்த மூன்றில் இல்லை, இருந்தும் அவன் கையை எடுத்துவிட்டான்.

அடுத்த அக்டோபரில் அதே சரங்களை அதே பந்தலில் கட்டினார்கள். அவை இன்றுவரை தலையாட்டுகின்றன. நகராட்சி இன்னும் முடிவெடுக்கவில்லை.

பாண்டீஸ்வரியும் தகுமாவும் சித்திரை மாதம் அருப்புக்கோட்டைக்குப் போனார்கள். மீதி அவள் போனில் சொன்னது. உச்சி வெயில், தெருவில் நிற்க முடியவில்லை, அந்த வெயிலிலும் வாசலில் குண்டு பல்பு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. அக்கம்பக்கமெல்லாம் ஜப்பான் மாப்பிள்ளையைப் பார்க்கக் கூடியிருந்தது. அவள் ஒவ்வொரு படியாகப் பார்த்து ஏறி, வாசலில் நின்று, "அம்மா, வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு சுவிட்சில் கையை வைத்தாள். அணைவதற்கு முன்னால் பல்பு ஒரு தடவை மங்கிப் பிரகாசித்து, ஒயரோடு சேர்ந்து குனிந்து நிமிர்ந்தது.

கூடியிருந்தவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "லோ வோல்டேஜ்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். சரிதானே என்று எல்லோரும் லைன்மேனைப் பார்த்தார்கள். முத்திருளப்பனின் கை சட்டைப் பையிலிருந்த டெஸ்டர் வரைக்கும் போய் நின்றுவிட்டது.

"ஆமா, லோ வோல்டேஜ்தான்" என்றார். லைனைப் பற்றி அவர் வாழ்க்கையில் சொன்ன இரண்டாவது பொய் அது.